ரெய்டு 5 நின்றுவிட்டால் 'கிரியேட்' கட்டளையைத் தொடாதீர்கள்

வணக்கம். மின்வெட்டுக்குப் பிறகு நான்கு டிஸ்க்குகளில் இரண்டைக் காணோம், லினக்ஸ் ரெய்டு 5 (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாக்கும் அமைப்பு) எழவில்லை, ஆறு வருட பனியன் டிசைன்கள் உள்ளே இருக்கின்றன என்று திருப்பூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். யாரோ சொன்ன, ரெய்டைப் புதிதாக உருவாக்கும் அந்த 'கிரியேட்' கட்டளையை (லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் mdadm நிரலின் கட்டளை) தயவுசெய்து கொடுக்காதீர்கள். டிஸ்க் வரிசை ஒன்று மாறினாலும் தரவு குழம்பிவிடும். விலகிய டிஸ்க்கை 'ஆட்' கட்டளையால் மீண்டும் சேர்ப்பதும் ஆபத்துதான்.

ரெய்டு 5 ஒரு டிஸ்க் இழப்பை மட்டுமே தாங்கும். ஆனால் இரண்டும் உண்மையிலேயே பழுதாகியிருக்க வேண்டும் என்பதில்லை. ஈரோட்டில் ஒரு விசைத்தறிக் கூடத்துக் கணினியைத் திறந்தேன். மின்விசிறி மேல் பஞ்சுத் தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது, ஒரு கேபிள் தளர்ந்திருந்தது. கேபிளை மாற்றியதும் ஒரு டிஸ்க் திரும்பி வந்தது. நீங்களும் அதையே முதலில் பாருங்கள்.

அடுத்து, ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதே mdadm-இன் 'எக்ஸாமின்' கட்டளையைக் கொடுத்து, ரெய்டின் நிலை மாறும்போதெல்லாம் கூடும் 'ஈவென்ட்ஸ்' எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றில் எண் ஒன்றாகவோ மிக நெருக்கமாகவோ இருந்து, ஒன்று மட்டும் வெகுவாகப் பின்தங்கியிருந்தால், அது முன்பே விலகிய டிஸ்க். அதை ஒதுக்கிவிடுங்கள். மற்ற மூன்றையும் டிடிரெஸ்க்யூ என்ற டிஸ்க் பிரதி எடுக்கும் நிரல் மூலம் புது டிஸ்க்குகளில் பிரதி எடுங்கள். செலவுதான், ஆனால் தவிர்க்கக் கூடாத செலவு. மூலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பிரதிகளில் மட்டும் 'அசெம்பிள் ஃபோர்ஸ்' (ரெய்டை வற்புறுத்தி இணைக்கும் கட்டளை) கொடுத்து, படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் செய்து, டிசைன்களை வெளியே எடுங்கள்.

நான்கு எண்களையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.