வீடு விற்க மின்சக்திச் சான்றிதழ் தேவையா?

கேள்வி: பரந்தனில் உள்ள எங்கள் வீட்டை விற்க நினைக்கிறோம். வாங்க விரும்புபவர் லண்டனில் இருக்கிறார். சக்தி வினைத்திறன் சான்றிதழ் இல்லாமல் விற்க முடியாது, 60,000 ரூபா தந்தால் எடுத்துத் தருவேன் என்கிறார் தரகர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இலங்கையில் குடியிருக்கும் வீட்டை விற்க அப்படியொரு சான்றிதழைச் சட்டம் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் அது உண்மையாகவே இருக்கிறது. அங்கே வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ, வீடு எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்பதற்கு ஏ முதல் ஜி வரை தரம் குறித்த சான்றிதழ் வேண்டும். ஒருமுறை எடுத்தால் 10 வருடம் செல்லும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவுதான் அதில் பெரிய பங்கு. லண்டனில் இருப்பவர் பழக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டிருப்பார். தரகர் அதைப் பிடித்துக்கொண்டார்.

காசு கொடுத்து வாங்கிய இப்படியொரு தாளைக் கிளிநொச்சியில் ஒருவர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மேலே ஏ முதல் ஜி வரை பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள். கீழே ஐந்து நட்சத்திரம். நடுவில் ‘வருடாந்த வெப்பமூட்டல் செலவு’ என்று ஒரு வரி. சித்திரை வெயிலில் வன்னியில் யார் வீட்டைச் சூடாக்குகிறார்கள்? உழைத்த காசு அந்தத் தாளுக்குப் போயிருந்தது.

நட்சத்திரம் என்பது பொருளுக்கு; வீட்டுக்கு அல்ல. மின்குமிழ், மின்விசிறி போன்றவற்றுக்கு இலங்கை நிலைபேறான சக்தி அதிகாரசபை அதைக் கொடுக்கிறது. நட்சத்திரம் கூடினால் மின்சாரம் மிச்சம், அவ்வளவுதான்.

வாங்குபவர் வீட்டின் செலவை அறிய விரும்பினால் 12 மாத மின்பட்டியலைக் கொடுங்கள். எந்தச் சான்றிதழையும் விட அது நேர்மையானது. அதில் 60 அலகு என்ற எல்லையைக் காட்டுங்கள். மாதம் 60ஐத் தாண்டினால் தாண்டிய அலகுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே விலை ஏறும். பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட். நாளுக்கு 10 மணி நேரம் சுற்றினால் மாதம் 22 அலகுக்கு மேல் போகும். 30 வாட் புது விசிறி என்றால் 9 அலகு. சீற்றுக் கூரை வீட்டில் இந்த வித்தியாசம் இன்னும் உறைக்கும். மத்தியானம் சீற்றுக்குக் கீழே கையை உயர்த்திப் பாருங்கள், அடுப்படிபோல் காந்தும். விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. கூரைக்கு வெள்ளை அடித்து, சோளகம் வீசும் பக்கத்து யன்னலைத் திறந்து வைத்தால் விசிறியின் வேலை குறையும்.

ஒரேயொரு விலக்கு, கூரையில் சோலார் பூட்டிப் பொது மின்வலையமைப்புக்கு மின்சாரம் கொடுக்கும் வீடு. அங்கே காகிதம் உண்மையாகவே வேண்டும். மின்கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடன்தான் ஒப்பந்தம். பல வீடுகளில் அது இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே கிடக்கிறது. முதலில் அதை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஒப்பந்தத் திகதியையும் பாருங்கள். அலகுக்கு என்ன விலை, இன்னும் எத்தனை வருடம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சோலாருக்கு வங்கிக் கடன் மிச்சம் இருந்தால் வாங்குபவரிடம் மறைக்காதீர்கள். வீடு கைமாறியதும் சோலார் பணமும் தானாக மாறிவிடும் என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். பெயர் மாற்றும்வரை பணம் பழைய பெயருக்கே போகும். அப்புறம் இரண்டு குடும்பமும் சண்டை பிடிக்கும்.

சரி, உங்கள் விற்பனையை நிறுத்தக்கூடிய காகிதங்கள் வேறு. காணி உறுதியுள்ள தனியார் காணியா, அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியா, அளிப்புப் பத்திரக் காணியா? அரசு கொடுத்ததென்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. வன்னியில் பாதிச் சிக்கல் இங்கேதான். ஒரு கையெழுத்துக்காக எத்தனை முறை பஸ் ஏறுவது? கோப்பு மேசையில் கிடக்கக் கிடக்கத்தான் தரகருக்கு வேலை வருகிறது. அடுத்தது, வாங்குபவர் பிரித்தானியக் குடியுரிமை மட்டும் வைத்திருந்தால் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கும். இரட்டைக் குடியுரிமை இருந்தால் அந்தத் தடை இல்லை. இதை இன்றைக்கே அவரிடம் கேளுங்கள். தரகரிடம் கேட்காமல் நேரே அவருக்கே தொலைபேசி எடுங்கள்.