கலியாண வீடியோவும் பாட வீடியோவும்

வணக்கம் அண்ணா,

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். பட்டம் முடித்துவிட்டு, பின்னேரங்களில் எட்டாம், ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் ரியூசன் கொடுக்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்களை எடிட் செய்தும் கொடுக்கிறேன். 'இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன்' என்று ஒரு தொழில் இருக்கிறது, பாட வீடியோ செய்பவர்களுக்கு அதில் நல்ல சம்பளம் என்று கூடப் படித்த ஒருத்தி சொன்னாள். அதற்குக் கொழும்புக்குப் போய்த்தான் ஆகவேண்டுமா? லீசிங்கில் நல்ல கமெரா ஒன்று எடுக்கவும் யோசிக்கிறேன். வீட்டில், அரசாங்கத்தின் பட்டதாரி நியமனம் வரும்வரை பேசாமல் இரு என்கிறார்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

கமெராவை இப்போது எடுக்கவேண்டாம். லீசிங் காசு மாதாமாதம் வாசலில் வந்து நிற்கும், வேலை அப்படி வந்து நிற்காது. கையில் இருக்கிற போனும், சட்டையில் குத்துகிற மைக் ஒன்றும் தொடங்குவதற்குப் போதும். படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள். குரல் இரைந்தால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

தோழி சொன்னதில் பாதி சரி. அந்தத் தொழிலில் வீடியோ கடைசியாக வருவது. ஓர் ஆளுக்கு ஒரு வேலை வரமாட்டேன் என்கிறது. அவருக்கு எதைச் சொல்வது, எதை விடுவது, எதை முதலில் சொல்வது, விளங்கிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது, இதைத் தீர்மானிக்கத்தான் சம்பளம். சில நேரம் வீடியோவே தேவையில்லை, சுவரில் ஒட்டுகிற ஒரு தாள் போதும் என்று ஆகிவிடும். வேலை விளம்பரங்களில் 'ஏ.டி.டி.ஐ.ஈ.' என்று போட்டிருப்பார்கள். 1975இல் அமெரிக்க இராணுவப் பயிற்சிக்காகப் புளோரிடா அரச பல்கலைக்கழகத்தில் உருவான முறை: ஆராய்தல், வடிவமைத்தல், உருவாக்கல், நடைமுறைப்படுத்தல், மதிப்பிடல். படிக்க ஒரு பின்னேரம் போதும். கஷ்டமெல்லாம் அந்த முதல் எழுத்தில், ஆராய்தலில்தான் இருக்கிறது.

அது உங்களிடம் ஏற்கெனவே உண்டு. 10 − (4 − 1) ஐ விரிக்கச் சொன்னால் 10 − 4 − 1 என்று எழுதுகிற பிள்ளை எது, அது ஏன் அப்படி எழுதுகிறது என்று உங்களுக்குத் தெரியும். பெரிய கமெரா வைத்திருப்பவருக்குத் தெரியாது. உங்கள் முதல் மாதிரி வேலையாக அந்த ஒரு பிழையையே எடுங்கள். நான்கு நிமிடம், முடிவில் இரண்டு கேள்வி. பார்த்த பிள்ளைகள் அடுத்த கணக்கைச் சரியாகச் செய்தார்களா என்பதையும் எழுதிச் சேர்த்து வையுங்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.

சில காலத்துக்கு முன் மருதமுனைப் பக்கம் இருந்து ஒருவர் கைத்தறிப் பயிற்சி வீடியோ ஒன்றை அனுப்பிக் கருத்துக் கேட்டார். தொடக்கத்தில் ட்ரோனில் கடற்கரை, பின்னால் வயலின். அது ஓடி முடிந்து மறுகாதான் தறி வருகிறது. அறுந்த பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலை முடிந்து, விழுது என்கிற கண்ணிக்குள்ளால் விட்டு, அச்சு என்கிற சீப்புக்குள்ளால் இழுக்கிற இடத்தில்தான் புதிதாகப் பழகுகிற பிள்ளை திணறும். அது சில செக்கனில் போய்விட்டது, அதுவும் தறிக்கு எதிரே நின்று எடுத்த காட்சி. பார்க்கிறவளுக்கு இடம் வலம் மாறிக் கிடக்கிறது. நெய்கிறவரின் தோளுக்கு மேலால் எடுத்திருந்தால் அந்தக் குழப்பமே இல்லை. மின்சுற்றுப் பொருத்துவதை வைத்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்விலும், செய்பவரின் கண்ணிலிருந்து எடுத்ததைப் பார்த்தவர்களே நன்றாகச் செய்தார்கள். திருப்பி எடுக்கச் சொன்னேன், சரி என்றார். ட்ரோன் காட்சியை மட்டும் வெட்ட மனம் வரவில்லையாம், வாடகை கொடுத்து எடுத்ததாம்.

கலியாண எடிட்டிங் உங்களுக்குத் தந்த பழக்கங்களில் நேரத்துக்குக் கொடுப்பதை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லோ மோஷனையும் பாட்டையும் விட்டுவிடுங்கள். பின்னணி இசையும் தேவையில்லாத அழகும் கற்பதைக் குறைக்கின்றன என்று ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் பரிசோதனைகளில் காட்டியிருக்கிறார். சொல்வதை அப்படியே திரையிலும் எழுதிப் போடாதீர்கள் என்பதும் அவர் சொன்னதுதான். ஆனால் கேட்பவருக்கு அது தாய்மொழி இல்லையென்றால் எழுத்து உதவும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பயிற்சி பெறுகிற நம் பிள்ளைகளுக்கு அதைப் போடத்தான் வேண்டும். நீளத்துக்கு வந்தால், 2014இல் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் 69 இலட்சம் வீடியோப் பார்வைகளை ஆராய்ந்தபோது, வீடியோ எவ்வளவு நீண்டாலும் பார்த்த நேரத்தின் இடையம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. கணித ரீச்சருக்கு இடையத்தை நான் விளக்கத் தேவையில்லை.

மென்பொருளுக்காகப் பயப்படவேண்டாம். கணினிப் பாடங்கள் செய்கிற ஸ்டோரிலைன் விலை கூடியது, கொம்பனிகள் கேட்கும், சோதனைக் காலத்தில் பழகலாம். இணையத்தில் பாடம் நடத்துகிற மூடுல், அதற்குள் கேள்வி, பயிற்சி செய்கிற எச்5பி இரண்டும் இலவசம். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம்.

கொழும்பில் வேலை கூடத்தான் இருக்கிறது, ஆனால் பெரும்பகுதியை வீட்டில் இருந்தே செய்யலாம். அதற்கு முன் பாசிக்குடா, அறுகம்பை ஹோட்டல்களைப் பாருங்கள். புதிதாகச் சேர்கிற பிள்ளைக்கு அறை ஒழுங்குபடுத்துவதை ஒவ்வொரு தடவையும் ஒருவர் கூட நின்று காட்டவேண்டியிருக்கிறது. தமிழில் ஐந்து நிமிட வீடியோவும் ஒரு தாளும் செய்து தரட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். நியமனத்துக்கும் விண்ணப்பியுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தடையில்லை, வீட்டிலும் சண்டை வராது.

காசு விஷயத்தில் கலியாண வீட்டுக் கணக்கு இங்கே சரிவராது. நாளுக்கு இவ்வளவு என்று பேசாமல், முடிந்த வீடியோவின் நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். ஸ்கிரிப்ட்டுக்குத் தனியாகக் கேளுங்கள், மூளை போகிற வேலை அதுதான். திருத்தம் இரண்டு தடவை, அதற்கு மேல் தனிக் காசு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட்டை அவர்கள் ஏற்றுக்கொண்டதாக எழுதி அனுப்பும்வரை போனை ட்ரைபொட்டில் பூட்டவேண்டாம்.

அன்புடன்
அண்ணா