பக்கத்துக் கதிரையில் ஒருவர்

அன்புள்ள ஐயாவுக்கு,

கோட்டையில் ஒரு கம்பனியில் ஐந்து வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் தொழிற்சங்கக் கிளைக்குச் செயலாளராக வரும்படி கேட்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற அரசாங்கக் கிளாக்கர். “யூனியன் என்றால் ஸ்ட்ரைக்தான், உனக்கேன் அது?” என்கிறார். உண்மையில் தொழிற்சங்கவாதி என்பவர் யார்?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள பிள்ளைக்கு,

ஒரு சங்கத்தின் வாழ்வில் வேலைநிறுத்தம் சில நாள்தான். மிச்ச நாளெல்லாம் கடிதங்களும் விசாரணைகளும்.

இளவயதில் கொழும்பில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். காகிதக் கட்டுகள் குறைகின்றன என்று என்மேல் குற்றம் சாட்டி விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் நான் தனியாக இருந்திருப்பேன். சங்கத்து ஐயா ஒருவர் மருதானையிலிருந்து பஸ் பிடித்து வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. “களஞ்சியப் புத்தகத்தைக் கொஞ்சம் காட்டுங்கள்” என்றார். அந்த மாதத்துக்கு ஒரு வரிகூடப் பதியவில்லை. என் வேலை தப்பியது. வெளியே வந்ததும், நான் பிந்தி வந்த நாட்களை எண்ணிச் சொல்லி ஏசினார். “இதற்கெல்லாம் என்னால் வாதாட முடியாது தம்பி.” அந்த ஏச்சையும் சேர்த்துத்தான் அவரைத் தொழிற்சங்கவாதி என்கிறேன். அங்கத்தவரிடம் “பிழை உன்னுடையது” என்று சொல்லத் தயங்குபவரின் பேச்சு நிர்வாகத்திடமும் எடுபடாது.

சரி, உங்கள் விஷயம். யாருக்காகப் பேசுகிறீர்களோ அந்தத் தொழிலாளரில் 40 சதவீதத்தினராவது சங்கத்தில் இருந்தால், கூட்டுப் பேச்சுவார்த்தைக்கு முதலாளி மறுக்கக் கூடாது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999ஆம் ஆண்டு சேர்த்த திருத்தம் இது. அதனால் முதலில் ஆள் சேருங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய் உட்காருங்கள். பேசுவதைவிடக் கேளுங்கள். யாருக்கு ஓவர்டைம் காசு வரவில்லை, யாருடைய சேமலாப நிதி கட்டப்படவில்லை என்று கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள்.

அப்பாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 பேர் வேலையிழந்ததைக் கண்ட தலைமுறை அது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் கந்தசாமியைப் பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள். 1947 ஜூன் 5ஆம் திகதி, வேலைநிறுத்தக்காரர்களின் ஊர்வலத்தின்மீது பொலிஸார் சுட்டபோது கொழும்பில் இறந்தவர். அவரும் அரசாங்கக் கிளாக்கர்தான்.

அப்பா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.