சோலோ பேஸ் கிதாரில் ஹார்மோனிக்ஸை எப்படிப் பயன்படுத்துவது?

5, 7, 12-ஆம் ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி மாதிரி சத்தம் வருகிறது, அதாவது ஹார்மோனிக், ஆனால் அதை ஒரு பாட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டிருக்கிறீர்கள். பேஸ் வாசிக்கிற பலரும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். பாட்டின் கடைசியில் ஒரு 'டிங்' வைத்துவிட்டு முடித்துக்கொள்வார்கள்.

ஹார்மோனிக்குக் கீழே எந்த பேஸ் ஸ்வரத்தை வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைச் செய்து பாருங்கள். 4-ஆம் ஃப்ரெட்டுக்கு ஒரு இழை முன்னால், நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பட்டை) பக்கமாக, டி, ஜி கம்பிகள் இரண்டையும் சுண்டுவிரலால் தொட்டு மீட்டுங்கள். எஃப் ஷார்ப்பும் பி-யும் வரும். இப்போது கட்டைவிரலால் இ கம்பியைத் திறந்தபடி, அதாவது எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல், தட்டிவிட்டு, அதன்மேல் இந்த இரண்டையும் விடுங்கள். மேஜரும் இல்லை, மைனரும் இல்லை, காந்தாரமே இல்லாத ஒரு வெறுமை. ஆள்காட்டி விரலால் இ கம்பியின் 3-ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால், கீழே ஜி வந்து, ஜி மேஜர் செவன்த் கார்டு ஆகிவிடும். அதே விரலை அப்படியே ஏ கம்பிக்கு நகர்த்துங்கள், இப்போது கீழே சி. மேலே ஒலிப்பது பிரதி மத்திமமும் காகலி நிஷாதமும். கல்யாணி கேட்டுப் பழகிய காது உடனே நிமிரும். திறந்த ஏ கம்பியை வைத்தால், ஏ-யிலிருந்து எண்ணும்போது ஆறாவது, ஒன்பதாவது ஸ்வரங்கள்: சிக்ஸ்த்தும் நைன்த்தும். மேலே இருக்கும் ஸ்வரங்கள் மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். சுண்டுவிரல் அசையாமலே நான்கு கார்டு கிடைத்துவிட்டது.

சோலோவில் இது ஏன் இவ்வளவு எடுபடுகிறது? திறந்த இ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். ஜி கம்பியின் அந்த பி 490 ஹெர்ட்ஸ். 20 ஃப்ரெட் பேஸில் அழுத்தி வாசிக்கக்கூடிய உச்ச ஸ்வரமே 311-தான். கை ஒரே இடத்தில் இருக்க, மூன்றரை ஆக்டேவ் விரிந்துவிடுகிறது. கேட்பவருக்கு இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்த 4-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக் கம்பியின் ஐந்தாவது ஹார்மோனிக், அதாவது திறந்த கம்பியின் அதிர்வெண்ணைப் போல ஐந்து மடங்கு. பியானோ சுருதியை விட 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்வாக இருக்கும். தம்பூராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரமும் இதே கணக்குதான். தனியாக வாசிக்கும்போது இனிமை, கீபோர்டோடு சேர்ந்தால் லேசாக உறுத்தும்.

ஜாஸ் பேஸ் கலைஞர் ஜேக்கோ பாஸ்டோரியஸின் 1976 முதல் ஆல்பத்தில் வரும் 'போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி'யைக் கேளுங்கள். அழுத்திய பேஸ் ஸ்வரங்கள் கீழே, ஹார்மோனிக்ஸ் மேலே, முழுப் பாட்டும் அந்த இரண்டு தளத்தில்தான் நிற்கிறது. வேகத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். கீழ் ஸ்வரம் மாறும்போது மேலே இருப்பதன் நிறம் எப்படி மாறுகிறது என்று மட்டும் கேட்டால் போதும்.

சத்தம் மங்கலாக வந்தால் முதலில் கம்பியைப் பாருங்கள். ஃப்ளாட்வவுண்டில் (தட்டைக் கம்பி சுற்றியது) உயர்ந்த ஹார்மோனிக்ஸ் சோர்ந்துவிடும், புது ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது) போடுங்கள். வலது கையை பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் முடியும் இடம்) பக்கம் கொண்டுபோங்கள், பிரிட்ஜ் பிக்கப்பைக் கூட்டுங்கள். மீட்டியதும் தொட்ட விரலை எடுத்துவிட வேண்டும். பேஸ் ஸ்வரத்தை அழுத்தும் விரல் மட்டும் எழக்கூடாது. இந்த இரண்டும் ஒரே கையில் நடப்பதுதான் கஷ்டமே. 4-ஆம் ஃப்ரெட்டில் பிடிபடவில்லை என்றால் 9-ஆம் ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால் தொடுங்கள், அதே ஸ்வரம்தான் வரும். ஆனால் அங்கிருந்து கீழே ஜி-யை அழுத்தக் கை எட்டாது, திறந்த கம்பிகளோடு மட்டும்தான் முடியும்.

இ, ஏ, டி, ஜி மேஜர்களில் இதெல்லாம் சுலபம். திறந்த கம்பிகளில் இயற்கையாக இருப்பதை மட்டுமே எடுக்க முடியும் என்பதால், இ ஃப்ளாட்டில் ஒரு பாட்டு வந்தால் கை காய்ந்துபோகும். அப்போது செயற்கை ஹார்மோனிக் உதவும்: இடது கை ஏதோ ஒரு ஸ்வரத்தை அழுத்த, அதிலிருந்து 12 ஃப்ரெட் மேலே வலது கட்டைவிரல் தொட, ஆள்காட்டி விரல் மீட்டும். 1977-இல் வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவின் 'பேர்ட்லேண்ட்' தொடக்கத்தில் ஜேக்கோ வாசிக்கும் மெலடி இந்த வகைதான்.

இன்னொரு வழி, கம்பியின் சுருதியையே மாற்றுவது. பேஸ் கலைஞர் மைக்கேல் மேன்ரிங் வாசிக்கும் ஹைப்பர்பேஸ் என்ற கருவியில் பாட்டின் நடுவிலேயே சுருதி மாற்ற விசைகள் இருக்கின்றன. நமக்கு அவ்வளவு வேண்டாம். இ கம்பியை டி-க்கு இறக்கிவிட்டு, மேலே சொன்ன எஃப் ஷார்ப், பி ஜோடியை அதன்மேல் விட்டுப் பாருங்கள். டி சிக்ஸ்த் வரும், அதுவும் இடது கை எதையும் அழுத்தாமல். அப்புறம் ஜி எங்கே என்று தேடாதீர்கள், அது 5-ஆம் ஃப்ரெட்டுக்குப் போயிருக்கும்.