பிழை என்றால் "இல்லை" என்று அர்த்தமில்லை

கேள்வி: டர்பனில் சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எக்ஸ்எம்எல்லாக (ஒவ்வொரு விவரமும் பெயர் குறித்த டேக்குக்குள் வரும் கோப்பு வடிவம்) வரும் ஆர்டர்களில் 50,000 ராண்டைத் தாண்டுபவை மேலாளர் ஒப்புதலுக்குப் போகும்படி, செய்திகளை வழிபிரித்து அனுப்பும் மென்பொருளான அப்பாச்சி கேமலில் எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல்லில் வேண்டியதைத் தேடி எடுக்கும் மொழி) நிபந்தனை வைத்திருக்கிறோம். சில ஆர்டர்கள் அங்கே பிழை காட்டி நின்றுவிடுகின்றன. பிழை வந்தால் ஒப்புதல் தேவைப்படாத வழியில் விட்டுவிடலாம் என்கிறார் கன்சல்டன்ட். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. பிழை என்றால் தொகை என்னவென்றே தெரியவில்லை என்று பொருள். அதை "50,000-க்குள்" என்று எடுத்துக்கொள்ள யார் அதிகாரம் கொடுத்தது? இப்படிப் பிழையை மூடி மறைத்துவிட்டு, "சரிசெய்தாயிற்று" என்று பில் நீட்டுபவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்ப்பதிலும் பயனில்லை. அதே செய்தி அதே பிழையைத்தான் தரும். மாட்டிய ஆர்டர்கள் எதுவும் மாற்றப்படாமல் டெட் லெட்டர் வரிசைக்கு (கையாள முடியாத செய்திகளை ஒதுக்கி வைக்கும் இடம்) போகட்டும், ஓர் ஆள் பார்க்கட்டும்.

காரணம் பெரும்பாலும் தொகை எழுதும் முறைதான். தென்னாப்பிரிக்க வழக்கப்படி ஆயிரத்துக்கு இடைவெளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் போட்டு "62 500,00" என்று வரும். எக்ஸ்பாத்துக்குத் தசமத்துக்குப் புள்ளி மட்டும்தான் தெரியும். எக்ஸ்பாத்தின் 2.0 பதிப்பு பிழை காட்டி நிறுத்துகிறது. பழைய 1.0 பதிப்பு என்றால் இதை "எண்ணே அல்ல" என்று வைத்துக்கொண்டு, நிபந்தனை பொய் என்று சத்தமில்லாமல் சொல்லிவிடும். ஆர்டரும் ஒப்புதல் இல்லாமலே போய்விடும். ஆகவே "1.0-க்கு மாறினால் பிழை வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, இடைவெளியை நீக்கிக் காற்புள்ளியைப் புள்ளியாக்கிவிட்டால் போதுமா? ஆர்டர் அனுப்பும் எல்லாச் சப்ளையருக்கும் போதாது. ஒருவர் "62,500" என்று ஆயிரத்துக்குக் காற்புள்ளி போட்டால் அது 62.500 ஆகிவிடும், அதாவது அறுபத்திரண்டரை ராண்டு! பிழையும் வராது, ஒப்புதலும் கேட்காது. அதனால் எந்தச் சப்ளையர் எப்படி எழுதுகிறார் என்று தனித்தனியே தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும். ஒரே மாதிரி எழுதுங்கள் என்று கேட்டால் "எங்கள் சிஸ்டம் இப்படித்தான் அச்சிடும்" என்பார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

தொகைக்கான டேக்கே இல்லாமல் ஆர்டர் வந்தால் 2.0-வும் பிழை காட்டாது, பொய் என்றே சொல்லும். அதனால் டேக் இருக்கிறதா என்பதை முதல் நிபந்தனையாக வைக்கச் சொல்லுங்கள். நேம்ஸ்பேஸ் (டேக் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளம்) நிபந்தனையில் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். அது தவறினால் டேக் கண்முன்னே இருந்தாலும் எக்ஸ்பாத்துக்குத் தெரியாது.