மலையில் சரியாக இருந்த ஸ்லைடு சேலத்தில் குலைந்தது ஏன்?

கேள்வி: ஏற்காட்டில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சேர்வராயன் மலைக் காப்பியைப் பற்றிக் கூகுள் ஸ்லைட்ஸில் தமிழில் 14 ஸ்லைடுகள் தயாரித்து, பவர்பாயின்ட் கோப்பாக இறக்கிச் சேலத்தில் ஒரு கூட்டத்தில் காட்டினேன். எழுத்துரு மாறி, வரிகள் பெட்டியைவிட்டு வழிந்தன. பழைய பாடக்குறிப்பிலிருந்து ஒட்டிய இரண்டு பத்திகளோ முதலிலிருந்தே ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரிகின்றன. அடுத்த மாதம் மறுபடி காட்ட வேண்டும். எங்கள் பகுதியில் இணையமும் விட்டுவிட்டுத்தான் வருகிறது. என்ன செய்யலாம்?
– ஆசிரியை, ஏற்காடு

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். நீங்கள் இறக்கிய பவர்பாயின்ட் கோப்பை எந்தக் கணினியில், எந்த மென்பொருளில் திறந்தாலும் அதே எழுத்துரு கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. கட்டமரான் (Catamaran), மீரா இனிமை போன்ற எழுத்துரு ஒன்றை நீங்கள் தேர்ந்திருந்து, அரங்கின் கணினிக்கு அது கிடைக்காவிட்டால், அந்தக் கணினி நிர்மலா போன்ற தன்னிடமுள்ள வேறொன்றை இட்டு நிரப்பும். அதன் எழுத்துகள் சற்றே அகலமாக இருந்தாலும் போதும், 'காப்பித்தோட்டங்களில்' என்பது போன்ற நீண்ட சொல் அடுத்த வரிக்குத் தாவி, அதன் கீழுள்ளவை எல்லாம் இறங்கிவிடும். பி.டி.எஃப். ஆக இறக்கினால் எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே அடங்கிவிடுவதால் எங்கும் ஒரே மாதிரி தெரியும். அசைவூட்டங்களும் காணொளியும் அதில் இயங்கமாட்டா. காப்பிப் பழத்தைச் சுழலவிடாமல் காட்டுவதே நல்லது என்பது என் எண்ணம்.

அந்த இரண்டு பத்திகள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவையாக இருக்க வேண்டும். அவ்வகை எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. எழுத்துரு விலகியதும் அடியிலிருந்த ஆங்கிலம் வெளிப்படுகிறது. பழைய எழுத்துருவில் உள்ளதை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவி ஒன்றில் இட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் மாற்றியதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், ஏனெனில் பழைய தட்டச்சில் ரகரத்துக்குப் பதில் துணைக்காலை அடித்திருப்பார்கள், அந்தப் பிழை அப்படியே உடன்வரும்.

இணையம் இருக்கும்போதே, குரோமில் கூகுள் டிரைவின் அமைப்புகளுக்குள் சென்று ஆஃப்லைன் வசதியை இயக்கி, கோப்பு மெனுவிலும் இந்த ஸ்லைடுகளை ஆஃப்லைனுக்குக் குறித்துவிட்டால், இணைப்பு அறுந்த நேரத்திலும் திருத்தலாம். இணைப்பு வந்ததும் திருத்தங்கள் தாமே சேர்ந்துகொள்ளும். படங்களைப் பொறுத்தவரை, 25 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவற்றைக் கூகுள் ஸ்லைட்ஸ் ஏற்பதில்லை என்பதால், 50 மெகாபிக்சல் கைபேசியில் முழு அளவில் எடுத்தவற்றைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் இம்மலையில் காப்பியைக் கொண்டுவந்த கதையை ஒரே ஸ்லைடில் பத்து வரியாக எழுதியிருந்தால், ஆண்டையும் பெயரையும் ஒரு படத்தையும் மட்டும் விட்டுவிட்டு, மீதியை நீங்கள் வாயால் சொல்லுங்கள். எழுத்து குறைந்தால் வழிவதற்கும் ஒன்றுமில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாளே பி.டி.எஃப்.பை அமைப்பாளர்களுக்கு அனுப்பி, எழுத்து மிகுந்த ஸ்லைடை அங்குள்ள கணினியில் திறந்து, திரையைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்த பிறகு அரங்கில் நின்று திருத்துவதைவிட அது எளிது.