சோல்சைக்கிள் ஏன் எல்லா ஊரிலும் இல்லை? கேள்வி பதில்

உடற்பயிற்சி நிறுவனங்களின் கணக்கு அறிக்கைகளைப் படிப்பதுதான் என் பிழைப்பு. அமெரிக்காவின் உள்ளரங்க சைக்கிள் ஸ்டுடியோக்கள் பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

புதுசா வந்தவன்: நின்ற இடத்திலேயே நிற்கிற சைக்கிளை மிதிக்க நிஜமாகவே காசு கொடுக்கிறார்களா?

கொடுக்கிறார்கள், அதுவும் நல்ல காசு. இருட்டறை, மெழுகுவர்த்தி, காதைப் பிளக்கும் பாட்டு, மேடையில் ஒரு பயிற்சியாளர், 45 நிமிடம். இந்த வகை ஸ்டுடியோக்களில் பெயர்போன சோல்சைக்கிளை 2006-ல் எலிசபெத் கட்லர், ஜூலி ரைஸ், ரூத் ஸுக்கர்மேன் மூவரும் மன்ஹாட்டனில் 72-ஆம் தெருவில் தொடங்கினார்கள். அந்த இடம் அதற்கு முன்னால் இறுதிச் சடங்கு நடத்தும் நிலையமாக இருந்தது. தெருப்பக்கம் பெயர்ப்பலகை மாட்ட அனுமதி கிடைக்காததால் ஒரு ரிக்‌ஷாவை வாங்கி வாசலில் நிறுத்திவைத்தார்கள். இன்றைக்கு எந்தக் கடைவீதி, எந்த முனை என்று பார்த்துப் பார்த்து இடம் பிடிக்கும் தொழிலின் முதல் கிளை அப்படித்தான் இருந்தது.

கணக்குப்புலி: ஒரு ஸ்டுடியோ எப்படிச் சம்பாதிக்கிறது? மாதச் சந்தாவா?

அடிப்படை மாதச் சந்தா அல்ல, வகுப்புக்கு இவ்வளவு என்ற கட்டணம். 2015-ல் நியூயார்க்கில் ஒரு வகுப்பு 34 டாலர், ஷூ வாடகை தனியாக 3 டாலர். இதை வைத்து ஒரு உத்தேசக் கணக்கு போடலாம். அறையில் 60 சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் நிரம்பினால் அந்த 45 நிமிடத்துக்கு 2,040 டாலர். பாதிதான் நிரம்பினால் 1,020. ஆனால் வாடகை, மின்சாரம், வரவேற்பு மேசையில் நிற்பவரின் சம்பளம் எதுவும் பாதியாவதில்லை. பத்துப் பேர் குறைந்தால் வரவில் குறையும் 340 டாலரும் ஏறக்குறைய அப்படியே லாபத்திலிருந்துதான் போகிறது. காலை 6 மணி வகுப்பில் காலியாகக் கிடந்த சைக்கிளை மாலையில் கூடுதலாக விற்க முடியாது, அது போனது போனதுதான்.

சாதாரண ஜிம்முக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். ஜிம்மில் உறுப்பினர் சந்தா கட்டிவிட்டு வராமல் இருந்தால் முதலாளிக்கு லாபம். இங்கே ஆள் வராவிட்டால் வருமானமே இல்லை. அதனால்தான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மதியம் 12 மணிக்கு முன்பதிவைத் திறந்து, அடித்துப் பிடித்து இடம் போடவைத்தார்கள்.

வரைபடப் பைத்தியம்: அப்படியானால் ஊர் ஊராகத் திறந்திருக்கலாமே? ஏன் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறார்கள்?

நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ வட்டாரம், பாஸ்டன், வாஷிங்டன், மயாமி. எங்கே பார்த்தாலும் ஒரே வகை அக்கம்பக்கம்தான்: 34 டாலரை வாரத்துக்கு மூன்று முறை யோசிக்காமல் எடுத்துவைக்கும் ஆட்கள் நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

குவிவதற்கு இன்னொரு காரணம் பயிற்சியாளர்கள். இந்தத் தொழிலில் ஜனங்கள் ஸ்டுடியோவைத் தேடிப் போவதில்லை, ஆளைத் தேடிப் போகிறார்கள். நல்ல பயிற்சியாளர் ஒருவர் காலையில் ஒரு கிளையிலும் மாலையில் பக்கத்துப் பேட்டையில் இன்னொரு கிளையிலும் வகுப்பு எடுக்கலாம். ஆயிரம் மைல் தள்ளித் தனியாக ஒரு கிளை திறந்தால் அவரை அங்கே அனுப்ப முடியாது. அங்கே புதிதாக ஒருவரை உருவாக்கி, அவருக்கென்று ஒரு கூட்டம் சேரும்வரை வாடகையைக் கையிலிருந்து கட்ட வேண்டும்.

வாடிக்கையாளரின் பின்னாலேயே போவதும் உண்டு. கோடையில் நியூயார்க் பணக்காரர்கள் ஹாம்ப்டன்ஸ் கடற்கரைக்குக் கிளம்பினால் அங்கே பிரிட்ஜ்ஹாம்ப்டனில் ஒரு பழைய களஞ்சியத்தில் வகுப்பு தயாராக இருக்கும். தலைக்கணக்கில் பார்த்தால் அது சிறிய ஊர். கட்டணம் கட்டும் அதே ஆட்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

பங்குச்சந்தை பக்கிரி: உச்சத்தில் இருந்தபோது எண்கள் எப்படி இருந்தன?

2011-ல் ஈக்வினாக்ஸ் என்ற சொகுசு ஜிம் நிறுவனம் சோல்சைக்கிளின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியிருந்தது. 2015 ஜூலையில் பங்கு வெளியிட விண்ணப்பித்தபோது கணக்கு வெளியே வந்தது. 2012-ல் சுமார் 3.6 கோடி டாலராக இருந்த வருமானம் 2014-ல் சுமார் 11.2 கோடி. அந்த ஆவணத்தின்படி 38 ஸ்டுடியோக்கள். தோராயமாக வகுத்தால் ஒரு கிளைக்கு 30 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் கீழே. எல்லாக் கிளைகளும் 2014 முழுக்க இயங்கவில்லை என்பதால் பழைய கிளைகள் அதைவிடக் கூடவே ஈட்டியிருக்கும். ஒரே ஒரு வகை வகுப்பை மட்டும் விற்கும் கடைக்கு இது அசாத்தியம்.

அதே ஆவணத்தில் அமெரிக்காவில் குறைந்தது 250 ஸ்டுடியோக்களுக்கு இடமிருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். எனக்கு அது கொஞ்சமும் ஒப்பவில்லை. முதல் 38 இடங்கள் நாட்டிலேயே மிகச் சிறந்த 38 இடங்கள். அவற்றின் சராசரியை எடுத்து 200-ஆவது இடத்துக்கும் பொருத்திப் பார்ப்பது விண்ணப்பம் எழுதுபவர்களின் கலை. 2018 மே மாதம் சந்தை நிலவரம் சரியில்லை என்று சொல்லி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

மிதிவண்டிக்காரி: ஃப்ளைவீல் என்ன ஆனது? எனக்கு அதுதான் பிடித்தது.

உங்களைப் போல நிறையப் பேர் சொல்வார்கள். சோல்சைக்கிளை விட்டு வெளியேறிய அதே ரூத் ஸுக்கர்மேன் 2010-ல் வேறு இருவருடன் சேர்ந்து தொடங்கியது அது. அங்கே மெழுகுவர்த்திக்குப் பதில் பலகை: யார் எவ்வளவு மிதித்தார் என்று எண்ணாகக் காட்டும். வீட்டுக்கான சைக்கிளையும் விற்கப் போய், வீட்டு சைக்கிள் விற்கும் பெலோட்டான் நிறுவனத்தோடு காப்புரிமை வழக்கில் மாட்டிக்கொண்டார்கள். 2020 தொடக்கத்தில் வழக்கு சமரசமானது. மார்ச்சில் கொரோனா வந்து ஸ்டுடியோக்களை மூடவைத்தது. செப்டம்பரில் திவால் மனு. சீரமைக்கும் வகையல்ல, சொத்தை விற்றுக் கடையை மூடும் ஏழாம் அத்தியாய வகை.

தொழில்முனைவோன்: சைக்கிள்பார் என்ற ஸ்டுடியோச் சங்கிலி மட்டும் எப்படி அத்தனை புறநகர்களில் இருக்கிறது?

ஃப்ரான்சைஸ். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது உள்ளூர் ஆள். பெயரும் பாடத்திட்டமும் கம்பெனியுடையது. அப்போது தாய் நிறுவனமாக இருந்த எக்ஸ்பொனென்ஷியல் ஃபிட்னெஸ் இதே முறையில் பல பிராண்டுகளை வளர்த்து 2021-ல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலானது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ராயல்டி, அதாவது கிளை எடுத்தவர் கம்பெனிக்குக் கட்டும் பங்கு, பொதுவாக விற்பனையின் மேல் கணக்கிடப்படுகிறது, லாபத்தின் மேல் அல்ல. கிளை எடுத்தவர் நஷ்டத்தில் ஓட்டினாலும் மேலே பணம் போய்க்கொண்டிருக்கும். எனவே வரைபடத்தில் புள்ளிகள் கூடுவது தாய் நிறுவனத்துக்கு நல்ல சேதி. புள்ளிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கும் அப்படியா என்பது வேறு கேள்வி. கிளை எடுக்கும் யோசனை இருந்தால் முன்பு எடுத்து மூடியவர்களிடம் முதலில் பேசுங்கள். அமெரிக்காவில் ஃப்ரான்சைஸ் விற்பவர்கள் தரவேண்டிய விவர ஆவணத்தில் வெளியேறியவர்களின் பட்டியலும் இருக்கும்.

சும்மா ஒரு சந்தேகம்: 2019-ல் சோல்சைக்கிளுக்கு எதிரான புறக்கணிப்பு நிஜமாகவே பாதித்ததா?

ஈக்வினாக்ஸின் பின்னணியில் இருந்த முதலீட்டாளர் ஸ்டீபன் ராஸ் அந்த ஆகஸ்டில் டிரம்புக்குத் தேர்தல் நிதி திரட்டும் விருந்து வைத்தார். வாடிக்கையாளர்கள் பலர் கொதித்தார்கள். அரசியலை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். ஜிம்மை விட்டுப் போக ஒப்பந்தத்தை ரத்து செய்யவேண்டும், படிவம் நிரப்பவேண்டும். சோல்சைக்கிளை விட்டுப் போக அடுத்த திங்கட்கிழமை முன்பதிவு செய்யாமல் இருந்தால் போதும். சந்தா இல்லாத தொழிலுக்குக் கோபம் உடனே சுடும்.

வீட்டிலிருந்தே வேலை: 2022-ல் சோல்சைக்கிள்காரர்கள் ஏன் அவ்வளவு கிளைகளை மூடினார்கள்? பெலோட்டான்தானே காரணம்?

பெலோட்டான் மேல் எல்லாப் பழியையும் போடுவது சுலபம். அந்த ஆகஸ்டில், எண்பதுக்கும் மேற்பட்ட ஸ்டுடியோக்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றை மூடப்போவதாக அறிவித்தார்கள். வீட்டு சைக்கிள் சிலரை இழுத்தது உண்மைதான். ஆனால் என் கணிப்பில் பெரிய அடி அலுவலகத்தில் விழுந்தது. வேலைக்கு முன்னால் ஒரு வகுப்பு, வேலை முடிந்து ஒரு வகுப்பு என்பதுதான் பெருநகரக் கிளைகளின் வயிற்றுப்பாடு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் ஆட்கள் ஆபீஸ் வந்தால் மற்ற நாட்களின் காலை வகுப்பு காலி. வாடகையோ பழைய கூட்டத்தை நம்பி, பல வருடத்துக்கு எழுதிக் கொடுத்தது.

லண்டன் வாசகர்: எங்கள் ஊருக்கு ஏன் அவ்வளவு தாமதமாக வந்தார்கள்?

2019-ல் சோஹோவில் திறந்ததுதான் வட அமெரிக்காவுக்கு வெளியே அவர்களின் முதல் கிளை. பூம் சைக்கிள் போன்ற உள்ளூர் ஆட்கள் 2011-லிருந்தே அங்கே இருந்தார்கள். திறந்து ஒரு வருடம் முடிவதற்குள் ஊரடங்கு. நேரம் சரியில்லை, வேறென்ன சொல்ல.

கணக்குப்புலி (மறுபடியும்): கணக்கை வெளியிடாத ஸ்டுடியோச் சங்கிலியை வெளியிலிருந்து எடைபோட முடியுமா?

ஓரளவு முடியும். முன்பதிவுப் பக்கத்தைத் திறந்து செவ்வாய்க்கிழமை மதியம் 12 மணி வகுப்பைப் பாருங்கள். சனிக்கிழமை காலை எல்லாருக்கும் நிரம்பும், அதில் தெரிவதற்கு ஒன்றுமில்லை. அப்புறம் கால அட்டவணை: போன வருடம் நாளுக்கு எட்டு வகுப்பு இருந்த கிளையில் இப்போது ஐந்துதான் என்றால், கூட்டத்துக்கு ஏற்ப சுருக்குகிறார்கள். ஒரே பயிற்சியாளர் பெயர் வாரம் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தால் ஆள் பஞ்சம். இதையெல்லாம் ஒரு மாதம் தொடர்ந்து குறித்துவைத்தால் போதும், புதுக் கிளை எத்தனை என்று பத்திரிகைக் குறிப்பு சொல்வதைவிட நிறையத் தெரியும்.